விஷம் சேகரித்த வெள்ளிக்கிழமை

அநியாயம் என்றால் அப்படியொரு அநியாயம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், ராஜபாளையம் பஞ்சுக் கிடங்குத் தெருவில், பட்டப்பகலில், நூறு பேர் பார்க்க சுயம்புலிங்கத்துக்கு நடந்தது. பார்த்த நூறு பேரும் கை தட்டினார்கள். வயிற்றெரிச்சல் அதுதான்.

சுயம்புலிங்கம் மில்லில் மெயின்டனன்ஸ் மேஸ்திரி. இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தெரு நலச் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. இந்தப் பட்டமெல்லாம் வாசல்படியோடு சரி. படி தாண்டி உள்ளே போனால் அவர் பரிபூரணத்தின் வீட்டுக்காரர், அவ்வளவுதான். வீட்டுக்குள் அவர் சொல் எடுபடுகிற இடம் ஒன்றே ஒன்று, பின்ரூம்.

பத்துக்குப் பன்னிரண்டு ரூம். ஒரு ஜன்னல் உண்டு. அதையும் மறைத்து டின் அடுக்கியிருந்தார். மில்லில் கழித்த ஸ்பிண்டில் ஆயில், பாதி பாதியாகப் பெயிண்ட், கல்லாகிப்போன பிளீச்சிங் பவுடர், மூடி திறக்காத தின்னர், ஆசிட் ஜாடி, செத்துப்போன ஜீப் பேட்டரி இரண்டு, பியூஸ் போன டியூப்லைட் பதினேழு, அவருடைய அப்பா பருத்திக்கு அடித்து மிச்சம் வைத்த எண்ட்ரின் விஷ டின் ஒரு ஜோடி. எல்லாவற்றுக்கும் சிகரமாக, ஊசி மருந்து பாட்டிலில் ஒரு விரற்கடை பாதரசம். விருந்தாளி வந்தால் காப்பிக்கு முன்னால் அதுதான் வரும். உள்ளங்கையில் ஊற்றி, முத்து மாதிரி உருட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப பாட்டிலில் ஊற்றுவார்.

"இம்புட்டும் எதுக்குங்க?" என்று பரிபூரணம் கேட்பாள்.

"தேவைப்படும்."

"எப்ப?"

"தேவைப்படும்போது."

கேட்டுக் கேட்டுச் சலித்தவளுக்கு அந்த வருஷம் ஒரு காரணம் கிடைத்தது. தளவாய்புரத்து ஏஜெண்ட் ஒருவர் நைட்டி தைக்க ஆள் தேடினார். துணியை வெட்டி அவரே கொண்டுவந்து போடுவார். பரிபூரணத்திடம் ஒரு தையல் மிஷின், எதிர்வீட்டு வெள்ளத்தாயிடம் ஒரு மிஷின். இரண்டையும் போட ஒரு ரூம் வேண்டும்.

"பின்ரூமைக் கொஞ்சம் ஒழிச்சுக் குடுத்தீங்கன்னா…"

"பின்ரூமை மட்டும் கேக்காத."

"அது ரூமாங்க? விஷக் கிடங்கு!"

"எது விஷம்? அதெல்லாம் சாமான் பரிபூரணம், சாமான்! ஒரு அவசரத்துக்கு ஒரு பிரஷ் தின்னர் வேணும்னா நீ கடைக்கு ஓடுவியா?"

"இருவது வருஷத்துல ஒரு அவசரமும் வரலையே."

"வரும்!" என்று சொல்லிவிட்டுப் பின்ரூமைப் பூட்டினார். சாவி ஆணியில்தான் தொங்கும். பூட்டுவது ஒரு மரியாதைக்கு.

அடுத்த மாதம் மழை விட்ட பிறகு அதே தெரு மலைச்சாமியின் ஆடு செத்தது. சாக்கடையோரம் எவனோ போட்ட டின்னில் மழைத்தண்ணி தேங்கியிருக்கிறது. ஆடு குடித்திருக்கிறது. அரை மணி நேரத்தில் வாயில் நுரை. சினையாடு. மலைச்சாமி அந்த டின்னைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முனையில் நின்று அழுதான். சுயம்புலிங்கத்துக்கு ரத்தம் கொதித்தது. அன்றைக்கே சங்கத்தைக் கூட்டினார்.

"வீட்டுக்கு வீடு விஷம் இருக்கு! மூட்டைப்பூச்சி மருந்து, எலி மருந்து, காலாவதியான மாத்திரை, பழைய பேட்டரி, பூச்சிமருந்து டின். கண்ட இடத்துல போட்டா நாளைக்கு ஆடு இல்ல, புள்ளை சாகும். ஒரு நாள் குறிப்போம். அம்புட்டையும் ஒரே இடத்துல கொண்டாந்து போடட்டும். முனிசிபாலிட்டி லாரி அள்ளிட்டுப் போயி, ஊருக்கு வெளிய சிமெண்டுத் தொட்டியில போட்டு மூடட்டும்!"

கைதட்டல் பலமாக இருந்தது. தம்முடைய பின்ரூம் ஒரு நொடிகூட அவர் நினைவுக்கு வரவில்லை. வராது. அடுத்த வீட்டில் இருந்தால்தான் அது விஷம். அவர் வீட்டில் இருந்தால் சாமான்.

பரிபூரணம் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்துத்தான் வீட்டுக்கு வந்தார். அவளோ காப்பியை ஆற்றிக் கையில் கொடுத்தாள்.

"நல்ல காரியம். என்னைக்கு வைக்கப் போறீங்க?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை எவன் இருப்பான்? நம்ம தெருவுல முக்காவாசிப் பேரு உங்க மில்லு. உங்க மில்லுக்குக் கரண்டு லீவு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வைங்க."

சுயம்புலிங்கம் நெற்றியில் அடித்துக்கொண்டார். கரண்டு பற்றாமல் மில்லுக்கு ஒரு கிழமையென்று லீவைப் பிரித்துக்கொடுத்திருந்த காலம் அது. இருபத்திரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை என்றால் அவருக்கு லீவு, எண்ணெய்க் குளியல், மத்தியானத் தூக்கம். அதற்கு மேல் அந்தக் கிழமைக்கு ஒரு குணம் உண்டு என்பதே அவருக்கு மறந்துவிட்டது.

"உனக்கும் மூளை இருக்குட்டி!"

"எல்லாம் உங்க கூட இருந்து வந்ததுதான். நோட்டீஸ்ல ரெண்டு வரி சேருங்க. கொண்டு வாரவிய பேரு கேக்கமாட்டோம்னு போடுங்க. இல்லைன்னா, இவ வீட்டுல இம்புட்டு விஷமான்னு ஊரு பேசும்னு எவளும் வரமாட்டா."

"சரி."

"மேசை மேல வச்ச பொருளைத் திருப்பித் தரமாட்டோம்னும் போடுங்க. இந்த வெள்ளத்தாயி குடுத்துட்டு, செத்த நேரத்துல வந்து திருப்பிக் கேப்பா."

"அதுவும் சரிதான்!"

பேனரும் அவளே தைத்தாள். இரண்டு வேட்டித் துணியை மூட்டி, பதினான்கு அடி நீளம். எழுதியவன் பெயிண்டர் மொக்கைச்சாமி. மேல் வரியில் 'நம் வீட்டில் உள்ள ஆபத்தான பொருள் அனைத்தையும் வெளியேற்றுவோம்'. கீழ் வரியில் செயலாளர் பெயர். பெயரை ஓரத்தில் எழுதப்போனவனைச் சுயம்புலிங்கம் தடுத்து, "ஏலே, நடுவுல போடு. பெருசாப் போடு" என்றார். மேல் வரியை விடப் பெரிதாகவே போட்டுக் கொடுத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பெரிய சுகாதார ஆபீஸர் தலைமை தாங்க ஒத்துக்கொண்டார். சரியாகப் பதினோரு மணிக்கு வருவதாகத் தகவல். அந்த ஊர்க்காரருக்கே அந்த ஊர்ப் பால்கோவாவை வாங்கி வைத்தார் சுயம்புலிங்கம். மரியாதை தெரிந்த மனிதர்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே பந்தல், மைக், நீளமாக மேசை. எட்டு மணிக்கு முனிசிபாலிட்டி லாரி வந்து நின்றது. ஒன்பதுக்கு டிரைவர் தூங்கிப் போனார். பத்து மணிவரை அந்த மேசைக்கு வந்து சேர்ந்த பொருள் ஒன்றே ஒன்று. மலைச்சாமி கொண்டுவந்து வைத்த டின். அவன் ஆட்டைக் கொன்ற அதே டின். சிவப்பு மூடி, பக்கவாட்டில் ஒரு நெளிவு. அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கேயோ பார்த்த முகமாகச் சுயம்புலிங்கத்துக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. வேலை நெருக்கடியில் யோசிக்க நேரமில்லை.

வெள்ளத்தாய் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"வெள்ளத்தாயி, மூட்டைப்பூச்சி மருந்து வச்சிருக்கியே, கொண்டா."

"அண்ணாச்சி, இன்னைக்கு வெள்ளிக்கிழமை."

"ஆமா, மில்லு லீவு."

"மில்லுக்கு லீவு. லட்சுமிக்கு லீவா? வெள்ளிக்கிழமை வீட்டுல இருந்து ஒரு பொருளை வெளிய குடுக்கலாமா? கூடவே லட்சுமியும் போயிருவா."

"மூட்டைப்பூச்சி மருந்துலயா லட்சுமி இருக்கா?"

"எதுல இருக்கான்னு அவ சொல்லிக்கிட்டா இருக்கா, அண்ணாச்சி? நாமதான் பாத்து நடந்துக்கிடணும்."

சுயம்புலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. மோர் கேட்டால் தரமாட்டார்கள். உப்பு கேட்டால் தரமாட்டார்கள். வெள்ளிக்கிழமை இந்தத் தெருவில் எரிந்த தீக்குச்சிகூட வெளியே வராது. இருபத்திரண்டு வருஷம் மில்லு காலண்டரைப் பார்த்தே வாழ்ந்தவர் இதில் போய் விழுந்தார்.

சரி, கிறிஸ்தவர் வீட்டில் லட்சுமி தொல்லை இருக்காது என்று கிருபாபாய் வீட்டுக்கு ஓடினார். அவர் கையில் பைபிளோடு கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாங்க கிழமை பாக்கிறதில்ல அண்ணாச்சி. பழைய டானிக்கு பாட்டிலே இருவது இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை எனக்கு உபவாச ஜெபம். மூணு மணிக்குத்தான் வருவேன். வேற கிழமை வச்சிருக்கப்படாதா?"

வீடு வீடாகப் போனார். எல்லா வாசலிலும் புதுக் கோலம், எல்லா வாயிலும் அதே பதில். பத்தரை மணிக்கு வியர்த்து வழிய வீட்டுக்குள் ஓடிவந்தார். பரிபூரணம் தலைக்குக் குளித்து, பூ வைத்து, விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"பரிபூரணம்! மானம் போச்சு! ஒரு ஈ காக்கா வரல. ஆபீஸர் வந்தா நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்? மேசையில ஒரே ஒரு டின்னு!"

"அடடா. வெள்ளிக்கிழமைங்கிறத நாமளும் யோசிக்காமப் போயிட்டோமே."

"ஏதாவது குடு. பினாயில் பாட்டிலு, பாச்சை உருண்டை, எதுன்னாலும் குடு!"

"மேசை நிறையணும், அம்புட்டுத்தான?"

"அம்புட்டுத்தான், தாயி!"

"நெறச்சுக் குடுக்கேன். ஆனா நான் எதைக் கொண்டு வந்தாலும் சபையில நீங்க ஒரு வார்த்தை பேசப்படாது."

"பேசமாட்டேன்."

"சத்தியமா?"

"அய்யனார் சத்தியமா! மலை மேல இருக்க அய்யனார் மேல ஆணையா!"

"அப்ப நீங்க முன்னால போங்க. பொறவாலயே வாரேன்."

பொண்டாட்டி என்றால் இவள்தான் பொண்டாட்டி என்று அந்த மனிதர் கண் கலங்கிப் பந்தலுக்கு ஓடினார். பாருங்கள் அநியாயத்தை, நன்றியோடு ஓடினார்!

பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. மாலை போட்டார். பால்கோவா கொடுத்தார். ஆபீஸர் மேசையைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். டின்னுக்கு அந்தப் பக்கம் எதுவுமில்லாததையும் பார்த்தார்.

"கலெக்‌ஷன் இவ்வளவுதானா?"

"இப்ப வரும் சார்."

வந்தது. தெரு முனையிலிருந்து ஒரு தள்ளுவண்டி. தள்ளுகிறவன் மலைச்சாமி. முன்னால் பட்டுச்சேலையில் பரிபூரணம், சப்பரத்துக்கு முன்னால் வருகிற மாதிரி. வண்டியில் முதலில் கண்ணில் பட்டது, கட்டாக நிமிர்ந்து நின்ற டியூப்லைட். சுயம்புலிங்கம் எண்ணினார். பதினேழு. அவருக்கு ரொம்பப் பழகின எண் அது.

"அது…" என்று வாயெடுத்தார். அய்யனார் நினைவுக்கு வந்தார். வாயை மூடினார்.

வாசல்களில் பெண்கள் கூடிவிட்டார்கள். வெள்ளத்தாய் உரக்கக் கேட்டாள்: "ஏ அக்கா! வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுப் பொருளை வெளிய குடுக்கியே!"

பரிபூரணம் மைக்கை வாங்கினாள். இத்தனைக்கும் மைக்கைக் கொடுத்தவர் ஆபீஸரே.

"ஏட்டி வெள்ளத்தாயி, லட்சுமியக் குடுத்தாத்தான் வெள்ளிக்கிழமை ஆகாது. இது பூராவும் மூதேவி! மூதேவிய வெளிய அனுப்ப வெள்ளிக்கிழமைய விட நல்ல நாளு எது? அவ போனாத்தான் லட்சுமி உள்ள வர எடம் கெடைக்கும்!"

தெருவே கை தட்டியது. ஆபீஸரும் தட்டினார். சுயம்புலிங்கமும் தட்ட வேண்டியதாயிற்று. தட்டிக்கொண்டே பார்த்தார், அவருடைய ஸ்பிண்டில் ஆயில் மேசைக்குப் போனது. அவருடைய பேட்டரி போனது. மூன்று கல்யாணத்துக்குச் சுவர் அடித்து மிச்சம் வைத்த பெயிண்டெல்லாம் போனது. ஒவ்வொன்றாக இறக்கும்போதும் அவள் ஒரு தரம் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

கடைசியாக அந்தச் சின்ன பாட்டில். ஆபீஸர் இரண்டடி பின்னால் போனார்.

"பாதரசம்! ஐயையோ, இதை யாராவது கையால தொட்டீங்களா?"

சுயம்புலிங்கம் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இவ்வளவு விஷத்தையும் ஒரே வீட்டுல வச்சுப் பக்கத்துலயே படுத்துத் தூங்கியிருக்கானே, யாரு சார் அந்த ஆளு? கூப்பிடுங்க, நான் பார்க்கணும்!"

பரிபூரணம் பணிவாகச் சொன்னாள்: "மன்னிச்சிக்கிடுங்க சார். பேரு கேக்கப்படாது. செயலாளர் நோட்டீஸ்லயே போட்டிருக்காவ."

"ஓ! நல்ல ஏற்பாடு. செயலாளர் கெட்டிக்காரர்."

அதற்குள் மலைச்சாமி வண்டியின் அடியிலிருந்து ஒரு டின்னைத் தூக்கி, தன் டின்னுக்குப் பக்கத்தில் வைத்தான். அதே சிவப்பு மூடி. அதே உயரம். அவன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இதே மாதிரி டின்னுதான் சார் என் ஆட்டைக் கொன்னது. இதோட ஜோடி."

சுயம்புலிங்கத்துக்கு ஆணி போட்டு வைக்க ஒரு டின் வேண்டுமென்று ஜோடியில் ஒன்றைக் கழுவி, பின்சுவர் மேல் காய வைத்தது ஞாபகம் வந்தது. அப்புறம் மழை பெய்தது. திரும்ப எடுத்து வைத்த ஞாபகம் மட்டும் வரவேயில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் பரிபூரணத்தைப் பார்த்தார். அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அப்புறம் தெரு பொங்கிவிட்டது. எலி மருந்து, பூச்சிமருந்து, மூட்டை மூட்டையாகப் பழைய டார்ச் பேட்டரி, மண்ணெண்ணெய் கலந்த என்னமோ ஒன்று, மாமனார் செத்த வருஷத்து மாத்திரை. முந்தானையில் முடிந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. மூதேவியைத் துரத்த அப்படி ஒரு தள்ளுமுள்ளு. லாரி டிரைவர் எழுந்து உட்கார்ந்தார். ஆபீஸர் சுயம்புலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தி, மாவட்டத்துக்கே இவர் வழிகாட்டி என்றார். வழிகாட்டி கண்ணெதிரே லாரி கிளம்பிப் போனது. டியூப்லைட் கட்டு வளைவில் திரும்பும்வரை தெரிந்தது.

மேசையைப் பள்ளிக்கூடத்தில் திருப்பிக் கொடுத்து, பந்தல்காரனை அனுப்பி நிமிரும்போது வெள்ளத்தாய் தையல் மிஷினின் மேல்பகுதியைத் தூக்கிக்கொண்டு குறுக்கே போனாள்.

"அண்ணாச்சி, சாமான் சேந்துச்சா? அக்கா நேத்தே எல்லாரு வீட்டுலயும் சொல்லிட்டுப் போச்சு. பதினோரு மணிக்கு முன்னால யாரும் கொண்டு போகப்படாதுன்னு."

சுயம்புலிங்கம் விரல் மடக்கி எண்ணினார். வெள்ளிக்கிழமை யார் சொன்னது? பேர் கேட்கக்கூடாதென்று யார் சொன்னது? திருப்பித் தரக்கூடாதென்று யார் சொன்னது? காப்பியை ஆற்றிக் கொடுத்தாளே, அன்றைக்கே விழித்திருக்க வேண்டாமா மனிதன்! பொன்னாடை தோளில் அரித்தது. அதை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இன்றைக்கு ஒன்று அவள் இருக்க வேண்டும், இல்லை அவர் இருக்க வேண்டும்.

"பரிபூரணம்!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனார். "புருஷனை ஏமாத்துறதுக்கு ஒரு அளவு வேண்டாமா? தெருவே சேந்து என்னைக் கோமாளி ஆக்கியிருக்கு! என் ரூமு! என் சாமான்! இருவது வருஷம் சேத்தது! யாரைக் கேட்டு அள்ளுன?"

பின்ரூமில் மிஷின் சத்தம் நின்றது. பரிபூரணத்தின் குரல் நிதானமாக வந்தது.

"மலைச்சாமிக்கு ஒரு சினையாடு வாங்கிக் குடுக்கணும்ங்க."

"ஆடா? நாம எதுக்கு?"

"அந்த டின்னு நம்ம சுவருக்கு வெளியதான் கெடந்திருக்கு. ஆடு செத்த அன்னைக்கே எனக்குத் தெரியும். உங்க பேரு ஆபீஸர் காதுக்குப் போகப்படாதுன்னுதான் இம்புட்டுப் பாடும். முதல்ல தைக்கிற நைட்டிக் கூலி அவன் ஆட்டுக்கு. பொறவு நீங்க என்ன திட்டணுமோ திட்டுங்க."

சுயம்புலிங்கத்துக்குத் திட்ட வேண்டியது நிறைய இருந்தது. எதுவும் வரவில்லை. வராத கோபம் இன்னும் எரிச்சலாக இருந்தது. குறைந்தபட்சம் தம் ரூமை ஒரு தரம் பார்க்கவாவது பார்க்கலாம் என்று நடந்தார்.

"சரி, அந்தப் பாதரசத்தையாவது…"

"உள்ள வராதீங்க! துணி விரிச்சிருக்கோம், மிதிச்சிருவீங்க. என்னன்னாலும் வெளிய நின்னே சொல்லுங்க."

வாசலில் புதுத் திரை ஒன்று தொங்கியது. காலைப் பேனர்தான். பதினான்கு அடியில் கதவுக்கு வேண்டிய நாலடியை மட்டும் நடுவில் வெட்டி, ஓரம் அடித்து மாட்டியிருந்தாள். மேல் வரியில் 'ஆபத்தான பொருள்' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்குக் கீழே, கொட்டை எழுத்தில், ஒரு எழுத்தும் வெட்டுப்படாமல், 'சுயம்புலிங்கம்'.